எல்.எம்.எஃப்.டி. வேலைக்கு ரெஸ்யூமே: மணிக்கணக்கைப் பிரித்து எழுதுங்கள்

அமெரிக்காவில் திருமண, குடும்ப தெரபி (லைசென்ஸ் வாங்கியவருக்கு எல்.எம்.எஃப்.டி. என்று பெயர்) படித்துவிட்டு வேலை தேடும் நம்மவர்களின் ரெஸ்யூமேக்களில் ஒரு குறை திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. எழுதியவர் கனிவானவர், பொறுமையானவர், காது கொடுத்துக் கேட்கத் தெரிந்தவர் என்பதெல்லாம் தெரிகிறது. அவரை வேலைக்கு எடுத்தால் திங்கட்கிழமை காலை யார் முன்னால் உட்கார வைக்கலாம் என்பது மட்டும் தெரிவதில்லை.

ரெஸ்யூமேயைப் படிக்கும் கிளினிக்கல் டைரக்டருக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். சட்டப்படி இவர் கிளையன்ட்டைப் பார்க்கலாமா, பார்க்கலாம் என்றால் சூப்பர்விஷன், அதாவது லைசென்ஸ் உள்ளவரின் மேற்பார்வை, வேண்டுமா வேண்டாமா? சண்டை போடும் தம்பதியையோ ஒரு குடும்பத்தையோ ஒரே அறையில் வைத்து நடத்திய அனுபவம் எவ்வளவு? நோட்ஸை, அதாவது ஒவ்வொரு அமர்வுக்கும் எழுத வேண்டிய குறிப்பை, நேரத்துக்கு முடிப்பாரா? இந்த மூன்றுக்கும் முதல் பக்கத்தின் மேல் பாதியிலேயே பதில் இருந்துவிட்டால் மிச்சத்தை நிதானமாகப் படிப்பார்கள். இல்லாவிட்டால் அடுத்த ரெஸ்யூமேக்குப் போய்விடுவார்கள்.

கலிஃபோர்னியாவை வைத்தே எழுதுகிறேன். இந்தத் தொழிலுக்கு முதன்முதலில், 1963-இல், லைசென்ஸ் கொண்டுவந்த மாநிலம் அது. விதிகளை எண்ணிக்கையோடு வகுத்து வைத்திருப்பதால் விளக்கவும் வசதி. இன்று 50 மாநிலங்களிலும் லைசென்ஸ் உண்டு, ஆனால் லைசென்ஸின் பெயரும் அதற்குச் சேர்க்க வேண்டிய அனுபவ மணிக்கணக்கும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். படிப்பை முடித்து, சூப்பர்விஷனில் மணி சேர்ப்பவர் அசோசியேட். கலிஃபோர்னியாவில் ஏ.எம்.எஃப்.டி. எனப்படும் அவர் நியூஜெர்சியில் எல்.ஏ.எம்.எஃப்.டி., டெக்சாஸில் எல்.எம்.எஃப்.டி. அசோசியேட், நியூயார்க்கில் லிமிடெட் பெர்மிட் வைத்திருப்பவர். வேறு மாநிலத்துக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்றால் உங்கள் லைசென்ஸின் பெயரை அந்த ஊர்ப் பெயருக்கு மாற்றி எழுதாதீர்கள். இருக்கும் பெயரையே எழுதி, மாநிலத்தின் பெயரைப் பக்கத்தில் போடுங்கள்.

பெயரும் எண்ணும்

முதல் வரி உங்கள் பெயர். அதில் என்ன சிக்கல் வந்துவிடும் என்று தோன்றலாம், ஆனால் தமிழ்ப் பெயர்களில் வரும் சிக்கல் கொஞ்சநஞ்சமல்ல. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராகப் போயிருக்கும். ஊர்க் கல்லூரிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் நிற்கும். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் சேர்ந்திருக்கும். இங்கே எல்லோரும் கூப்பிடுவது பெயரின் முதல் இரண்டு எழுத்தாக இருக்கும். கலிஃபோர்னியாவில் லைசென்ஸ் கொடுக்கும் போர்டு ஆஃப் பிஹேவியரல் சயின்ஸஸின் பதிவை யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். வேலை கொடுப்பவர் கட்டாயம் தேடுவார். ரெஸ்யூமேயில் உள்ள பெயரைப் போட்டுத் தேடி ஒன்றும் வராவிட்டால், இவர் ஏதோ ஒளிக்கிறார் என்று நினைக்க அதுவே போதும்.

ஆகவே போர்டின் பதிவில் எப்படி இருக்கிறதோ அப்படியே பெரிய எழுத்தில் எழுதுங்கள். கூப்பிடும் பெயர் வேறாக இருந்தால் மேற்கோள் குறிக்குள் நடுவில் போடலாம். பட்டச் சான்றிதழில் பெயர் வேறாக இருந்தால் கல்விப் பகுதியில் அந்தப் பட்டத்தின் பக்கத்திலேயே 'இந்தப் பெயரில் வழங்கப்பட்டது' என்று ஒரு சொற்றொடர் சேருங்கள். பின்னால் சான்று சரிபார்க்கும்போது வாரக்கணக்கில் இழுபடாது.

அடுத்த வரி லைசென்ஸ். அதன் முழுப் பெயர், எண், மாநிலம், காலாவதியாகும் மாதமும் ஆண்டும். அசோசியேட் என்றால் 'ரெஜிஸ்டர்டு அசோசியேட் மேரேஜ் அண்ட் ஃபேமிலி தெரபிஸ்ட்' என்று ஒரு முறையாவது முழுதாக எழுதுங்கள். சுருக்கெழுத்தை மட்டும் போட்டு, படிப்பவர் லைசென்ஸ் வாங்கியவர் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று விடுவது தப்பு. 'சைக்காலஜிஸ்ட்' என்ற சொல் பக்கமே போக வேண்டாம், அது தனி லைசென்ஸ். 2018-க்கு முன்னால் அசோசியேட்டுக்கு இன்டர்ன் என்றுதான் பெயர். அந்தக் காலத்து வேலையைக் குறிப்பிடும்போது அன்றைய பெயரையே எழுதி, இன்று அது அசோசியேட் என்று விளக்கம் கொடுங்கள். இல்லாவிட்டால் படிப்பு முடிக்காத மாணவர் என்று எண்ணிவிடுவார்கள்.

படிப்பு முடித்து, எண் இன்னும் வராமல் நடுவில் நிற்பவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். பட்டம் வழங்கப்பட்ட நாளிலிருந்து 90 நாளுக்குள் அசோசியேட் விண்ணப்பம் போர்டுக்குப் போய்விட்டால், எண் வருவதற்கு முன்னால் செய்யும் மணி நேரமும் கணக்கில் சேரும். ஆனால் வேலை செய்யும் இடம் அதற்கு முன்பே லைவ் ஸ்கேன் கைரேகை எடுக்கச் சொல்லியிருக்க வேண்டும். தனியார் பிராக்டிஸுக்கு இந்தச் சலுகை கிடையாது, எண் கையில் வந்த பிறகுதான் அங்கே வேலை. இந்த விதி தெரிந்த டைரக்டர் ரெஸ்யூமேயில் தேடுவது மூன்று தேதிகளை. பட்டம் வழங்கப்பட்ட தேதி, விண்ணப்பம் அனுப்பிய தேதி, லைவ் ஸ்கேன் முடித்த தேதி. மூன்றையும் ஒரே வரியில் கொடுத்துவிட்டு 'போர்டின் பரிசீலனையில்' என்று எழுதுங்கள். தொலைபேசியில் கேட்கும் முதல் கேள்வி மிச்சமாகிவிடும்.

லா அண்ட் எதிக்ஸ் தேர்வு முடித்திருந்தால் மாதமும் ஆண்டும் போடுங்கள். முதல் பதிவு எண்ணின் காலம் முடிந்து இரண்டாவது எண் வாங்கியவர்கள் அதை மறைக்க வேண்டியதில்லை. தனியார் பிராக்டிஸில் வேலை பார்க்க அந்த எண்ணுக்குக் கட்டுப்பாடு உண்டு என்பதால் விண்ணப்பிக்கும் இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

முழு லைசென்ஸ் உள்ளவர்களுக்கு இங்கே இன்னும் மூன்று விஷயம் சேரும். பில் போடத் தேவையான 10 இலக்க என்.பி.ஐ. அடையாள எண், இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் உங்கள் சான்றுகளைப் பார்க்கும் சி.ஏ.க்யூ.எச். தளத்தில் விவரம் நடப்பில் இருக்கிறதா என்பது, எந்தெந்த இன்ஷூரன்ஸ் பேனலில், அதாவது அவர்கள் பணம் தரும் தெரபிஸ்ட் பட்டியலில், இருக்கிறீர்கள் என்பது. சி.ஏ.க்யூ.எச். விவரத்தை 120 நாளுக்கு ஒருமுறை உறுதிசெய்ய வேண்டும், விட்டுவிட்டால் பேனல் வேலை அப்படியே நின்றுவிடும். 2024 ஜனவரி 1 முதல் எல்.எம்.எஃப்.டி.க்கள் மெடிகேரில், அதாவது முதியவர்களுக்கான மத்திய அரசுக் காப்பீட்டில், நேரடியாகப் பதிவு செய்து பில் போடலாம். பதிவு செய்திருந்தால் தயங்காமல் எழுதுங்கள். முதியவர்களைப் பார்க்கும் கிளினிக்குகளில் இந்த ஒரு வரிக்கே மதிப்பு அதிகம், ஏனென்றால் ஒருவரைப் பேனலில் சேர்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

மணிக்கணக்கு

லைசென்ஸுக்குப் போகும் வழியில் இருப்பவரின் ரெஸ்யூமேயில் கனமான பகுதி இதுதான், அதிகம் சொதப்புவதும் இங்கேதான். '2,000 மணி நேரத்துக்கு மேல் அனுபவம்' என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். படிப்பவருக்கு அதிலிருந்து ஒன்றுமே தெரியாது.

கலிஃபோர்னியா கேட்பது மொத்தம் 3,000 மணி நேரம், குறைந்தது 104 வாரம். அதில் குறைந்தது 1,750 மணி நேரடி ஆலோசனை. அந்த 1,750-க்குள் குறைந்தது 500 மணி தம்பதி, குடும்பம், குழந்தைகளோடு. நோட்ஸ், பயிற்சி வகுப்பு, சூப்பர்விஷன், கிளையன்ட்டுக்காக அலைந்து திரியும் வேலை எல்லாம் சேர்ந்து அதிகபட்சம் 1,250. பட்டத்துக்கு முன் டிரெய்னியாகச் செய்ததில் 1,300 வரைதான் எடுத்துக்கொள்வார்கள், அதிலும் ஆலோசனையும் சூப்பர்விஷனும் சேர்ந்து 750-ஐத் தாண்டக் கூடாது. வாரத்துக்கு 40 மணிக்கு மேல் எவ்வளவு உழைத்தாலும் கணக்கில் வராது.

இத்தனை அறைகள் உள்ள வீட்டுக்கு ஒற்றை எண்ணை முகவரியாகக் கொடுத்தால் எப்படி? பிரித்து எழுதுங்கள். கற்பனையாக ஒரு அசோசியேட்டை எடுத்துக்கொள்வோம். ரெஸ்யூமே ஆங்கிலத்தில்தான் இருக்கும், வரியைத் தமிழில் தருகிறேன்:

'ஏப்ரல் 30 நிலவரப்படி மொத்தம் 2,180. நேரடி ஆலோசனை 1,310: தனிநபர் 640, குடும்பம் 260, தம்பதி 210, குழந்தை 140, குழு 60. நேரடி அல்லாதவை 870. மிச்சம்: மொத்தத்தில் 820, நேரடியில் 440.'

மூன்றே வரி. ஆனால் படிப்பவருக்கு எவ்வளவு கிடைக்கிறது பாருங்கள். தம்பதி, குடும்பம், குழந்தை சேர்த்து 610, ஆகவே 500 என்ற எல்லையைத் தாண்டிவிட்டார். வாரம் 15 நேரடி மணி கொடுத்தால் 30 வாரத்துக்குள் 440 முடிந்துவிடும், மற்ற வேலையோடு சேர்த்து வாரத்துக்கு 25 மணி என்றால் 33 வாரத்தில் மொத்தமும் முடியும். அதாவது எட்டு மாதத்தில் தேர்வு எழுதத் தயார். அதுவரை வாரா வாரம் ஒரு மணி நேரத் தனி சூப்பர்விஷனோ இரண்டு மணி நேரக் குழு சூப்பர்விஷனோ கொடுக்க வேண்டும், ஒரு வாரத்தில் நேரடி மணி 10-ஐத் தாண்டினால் இன்னொரு யூனிட்டும் சேரும். சூப்பர்வைசரின் நேரம் கிளினிக்குக்குச் செலவு. அந்தச் செலவு எத்தனை மாதத்துக்கு என்று உங்கள் மூன்று வரியே சொல்லிவிடுகிறது.

இங்கே நுணுக்கமான ஒரு பிழை நடக்கிறது. கலிஃபோர்னியாவின் 500-இல் குழந்தையைத் தனியாகப் பார்த்த மணியும் சேரும். ஆனால் இந்தப் படிப்புகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் சி.ஓ.ஏ.எம்.எஃப்.டி.இ. அமைப்பின் அங்கீகாரம் பெற்ற படிப்புகள் பேசும் 'ரிலேஷனல்' மணி வேறு: உறவில் இருக்கும் இரண்டு பேராவது அறையில் இருக்க வேண்டும். ஒன்பது வயதுப் பிள்ளையோடு தனியாக விளையாட்டு தெரபி செய்த மணி முதல் கணக்கில் வரும், இரண்டாவதில் வராது. இரண்டையும் குழப்பி '610 ரிலேஷனல் மணி' என்று எழுதினால், நேர்காணலில் ஒரே கேள்வியில் கலைந்துவிடும். மேலே உள்ள கணக்கில் உண்மையான எண் 470.

எண்ணைப் போடும் முன்னால் அது கையெழுத்தான எண்ணா என்று பாருங்கள். சூப்பர்வைசர் கையெழுத்திட்ட அனுபவச் சான்றுப் படிவத்தில் உள்ளதும் ரெஸ்யூமேயில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு இடத்தை விட்டுக் கிளம்பும் கடைசி வாரத்திலேயே படிவத்தைக் கையோடு வாங்கிவிடுங்கள். சூப்பர்வைசர் ஊர் மாறிப் போன பிறகு ஒரு கையெழுத்துக்காக 600 மணி நேரம் தொங்கலில் நிற்பது இந்தத் தொழிலில் அரிதான விஷயம் அல்ல. இன்னொன்று: அசோசியேட்டை 1099 முறையில், அதாவது தனி ஒப்பந்தக்காரராக வைத்துச் செய்த மணி போர்டுக்குச் செல்லாது. சம்பளம் வாங்கும் டபிள்யூ-2 ஊழியராகவோ தன்னார்வலராகவோ இருந்திருக்க வேண்டும். செல்லாத மணியை மொத்தத்தில் சேர்த்து எழுதாதீர்கள். அங்கே கற்றதை அனுபவப் பகுதியில் எழுதலாம், அதை யாரும் தடுக்கப் போவதில்லை.

'லைசென்ஸ் எலிஜிபிள்' என்ற சொல்லையும் அவசரப்பட்டுப் போடாதீர்கள். 3,000 முடிந்து, விண்ணப்பத்தைப் போர்டு ஏற்ற பிறகு போடுங்கள்.

வேலை வரிகள்

பெரும்பாலான ரெஸ்யூமேக்களில் இந்த வரி இருக்கும்: 'தனிநபர், தம்பதி, குடும்பங்களுக்குத் தெரபி வழங்கினேன். இன்டேக் செய்தேன். சிகிச்சைத் திட்டம் தயாரித்தேன்.' இது வேலையின் பெயரை விரித்துச் சொல்வதுதான். அந்தப் பெயரில் உள்ள எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

ஒரு வேலை வரிக்குள் இடம், யார், எத்தனை, எந்த முறை, எதைக் கொண்டு அளந்தீர்கள் என்ற ஐந்தில் குறைந்தது மூன்று இருக்கட்டும். உதாரணமாக (மெடி-கால் என்பது குறைந்த வருமானக்காரர்களுக்கான கலிஃபோர்னியாவின் அரசுக் காப்பீடு, சி.ஏ.என்.எஸ்.ஸும் பி.எஸ்.சி.-35-உம் குழந்தைகளின் நிலையை மதிப்பிடும் படிவங்கள்): 'மெடி-கால் பெறும் குடும்பங்களுக்கான சமூக மையம். ஒரே நேரத்தில் 22 கேஸ். இதில் 9 குடும்பம், 4 தம்பதி. ஸ்ட்ரக்சுரல் முறையில் வீட்டுக்கே சென்று அமர்வு. சி.ஏ.என்.எஸ்., பி.எஸ்.சி.-35 மதிப்பீடு. நோட்ஸ் மூன்று வேலை நாளுக்குள்.'

கடைசித் துண்டைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கவுன்ட்டி ஒப்பந்தத்தில் நடக்கும் மையங்களில் நோட்ஸுக்கு நாள் கணக்கு உண்டு, நோட்ஸ் இல்லாமல் பில் இல்லை. நல்ல தெரபிஸ்ட்டுகள் பலர் வேலையை விடுவதும், விடச் சொல்லப்படுவதும் அறைக்குள் நடப்பதால் அல்ல, எழுதாமல் குவிந்த நோட்ஸால். நீங்கள் பயன்படுத்திய மென்பொருளின் பெயரையும் போடுங்கள். சிம்பிள்பிராக்டிஸ், தெரபிநோட்ஸ், எபிக், எதுவானாலும்.

ஒரே ரெஸ்யூமேயை எல்லா இடத்துக்கும் அனுப்புவது சரிவராது. கவுன்ட்டி மையத்துக்கு மேலே உள்ள வரி பொருந்தும், அங்கே நெருக்கடி அனுபவமும் முக்கியம்: தற்கொலை ஆபத்தை மதிப்பிட்டது, பாதுகாப்புத் திட்டம் எழுதியது, மனநல நெருக்கடியில் இருப்பவரை 72 மணி நேரம் வரை கட்டாயமாக நிறுத்திவைக்கும் 5150 நடைமுறையில் பங்கெடுத்தது, குழந்தைக் கொடுமை குறித்துத் தொலைபேசியில் உடனடியாகவும் 36 மணி நேரத்துக்குள் எழுத்திலும் புகார் கொடுத்துப் பழகியது. தனியார் குழு பிராக்டிஸில் கேள்வியே வேறு. கிளையன்ட் எத்தனை அமர்வு வரை தொடர்ந்து வருகிறார், மாலையிலும் சனிக்கிழமையிலும் வர முடியுமா, தம்பதிகளை எடுப்பீர்களா? அங்கே இப்படி எழுதலாம்: 'வாரம் 14 அமர்வு, பாதிக்கு மேல் தம்பதிகள். தொடக்கத்திலும் எட்டாவது அமர்விலும் உறவுத் திருப்தி அளவுகோல்.' தம்பதிகளுக்கு சி.எஸ்.ஐ.-32 பயன்படுத்தியிருந்தால் பெயர் சொல்லுங்கள். 104.5-க்குக் கீழே வந்தால் உறவில் தெளிவான அதிருப்தி என்று எடுத்துக்கொள்ளும் அளவுகோல் அது. 14 கேள்விகள் உள்ள ஆர்.டி.ஏ.எஸ்.ஸும் பலருக்குப் பழக்கம், அதில் 48 எல்லைக்கோடு. மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ.-9 எல்லோரும் போடுவது. தம்பதிக்கான அளவுகோல் ஒன்றாவது இருந்தால்தான் நீங்கள் உறவையே கிளையன்ட்டாகப் பார்க்கிறீர்கள் என்பது புரியும்.

பில்லிங் தெரிந்தவர் என்பதும் ஒரு சொற்றொடரில் வரலாம். நோயாளி உடனிருக்கும் குடும்ப அமர்வுக்கு பில் குறியீடு 90847, அவர் இல்லாமல் மற்றவர்களோடு மட்டும் என்றால் 90846. தம்பதிச் சிக்கல் என்ற இசட் 63.0 குறியீட்டை மட்டும் வைத்து இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் பணம் தராது. இந்த வேறுபாடு தெரிந்தவரை அலுவலக மேலாளர் விரும்புவார்.

எண்கள் போடும் ஆர்வத்தில் கிளையன்ட்டைக் காட்டிக் கொடுத்துவிடக் கூடாது. 'ஃப்ரீமான்ட்டில் மென்பொருள் வேலை பார்க்கும் தமிழ்த் தம்பதி, மணமுறிவுக்கு மனு போட்ட பிறகு ஆறு மாதத்தில் சேர்த்து வைத்தேன்' என்று ஒரு வரி இருந்தால், அந்த ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் நாலு பேருக்கு அது யார் என்று தெரிந்துவிடும். பெயர் இல்லை என்பதால் அடையாளம் இல்லை என்று ஆகிவிடாது. நம் சமூகம் சின்னது. ஊர், மொழி, தொழில், நடந்த காலம் இவற்றில் எதையும் இன்னொன்றோடு சேர்த்து எழுதாதீர்கள். 'தெற்காசியக் குடியேறித் தம்பதிகள்' போதும். சேர்த்து வைத்தேன் என்பதையும் விடுங்கள். பிரிவதை நாகரிகமாக முடிக்க உதவுவதும் இந்த வேலைதான், எத்தனை ஜோடியைச் சேர்த்து வைத்தீர்கள் என்ற கணக்கைப் பார்த்தால் அனுபவமுள்ள டைரக்டர் முகம் சுளிப்பார்.

பயிற்சிப் பட்டியலில் ஒரே ஒரு கண்டிப்பு: பயிற்சி பெற்றவர் வேறு, சான்றிதழ் பெற்றவர் வேறு. தம்பதி தெரபிக்கான காட்மன் முறையில் முதல் நிலை முடித்தவர் 'காட்மன் தெரபிஸ்ட்' ஆகிவிட மாட்டார். உணர்ச்சிகளை மையமாகக் கொண்ட தெரபி முறையான இ.எஃப்.டி.யில் எக்ஸ்டர்ன்ஷிப் ஒரு படி, கோர் ஸ்கில்ஸ் அடுத்த படி, சான்றிதழ் அதற்கும் மேலே. எந்தப் படியில் நிற்கிறீர்களோ அதன் பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள். எட்டு முறைகளின் பெயரை அடுக்கியவரை விட, இரண்டைச் சொல்லி அவற்றை எந்தக் கிளையன்ட்டுகளோடு பயன்படுத்தினார் என்று எழுதியவரையே நான் நம்புவேன். போர்டே எல்லோருக்கும் கட்டாயமாக்கியிருக்கும் பயிற்சிகள், அதாவது தற்கொலை ஆபத்து குறித்த 6 மணி, டெலிஹெல்த் 3 மணி போன்றவற்றுக்கு இடம் ஒதுக்க வேண்டாம். எல்லோரிடமும் இருப்பது உங்களைத் தனித்துக் காட்டாது. மற்றவர்களுக்கு சூப்பர்விஷன் கொடுக்கத் தகுதி பெற்றிருந்தால், அது மட்டும் மேலே லைசென்ஸ் வரிக்குப் பக்கத்திலேயே வரட்டும்.

தமிழும் ஊர் அனுபவமும்

'மொழிகள்: ஆங்கிலம், தமிழ்' என்று கடைசி வரியில் ஒதுக்கிவிடாதீர்கள். தமிழில் தெரபி நடத்த முடியும் என்பது ஒரு சேவை. ஆனால் அதை எழுதும் முன்னால் ஒரு சோதனை செய்து பாருங்கள். ரகசியக் காப்புக்கு உள்ள வரம்புகளை அறுபது வயது மாமியாருக்குத் தமிழிலேயே, தடுமாறாமல் விளக்க முடிகிறதா? 'நீங்க இங்கே சொல்றது வெளியே போகாது. ஆனா ஒரு குழந்தைக்கோ வயசானவங்களுக்கோ கொடுமை நடக்குதுன்னு தெரிஞ்சாலும், நீங்க உங்க உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்து பண்ணிக்குவீங்கன்னு தெரிஞ்சாலும் நான் சொல்லியே ஆகணும்.' இந்த அளவுக்குப் பேச்சு வந்தால் 'தமிழில் முழு அமர்வு நடத்துவேன்' என்று எழுதுங்கள். பாட்டியோடு பேசும் தமிழ் மட்டும் என்றால் 'உரையாடும் அளவு' என்று எழுதுங்கள். அதில் ஒரு குறையும் இல்லை. மிகைப்படுத்தி எழுதினால், வேலையில் சேர்ந்த இரண்டாம் வாரமே பதற்றத்தில் இருக்கும் ஒரு குடும்பத்தின் முன்னால் சொல் கிடைக்காமல் நிற்க வேண்டிவரும், பாதிக்கப்படுவது அந்தக் குடும்பம். இருமொழிக்காரருக்குக் கூடுதல் சம்பளம் தரும் இடங்கள் எந்த மொழிகளுக்குத் தருகிறோம் என்று பட்டியல் வைத்திருக்கும், கேட்டுப் பாருங்கள்.

'பண்பாட்டுப் புரிதல் உள்ளவர்' என்று எழுதுவதற்குப் பதில் எதைப் புரிந்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். எச்-4 விசாவில் வேலைக்குப் போக முடியாத துணை, ஆறு மாதம் வந்து தங்கும் பெற்றோரால் கிளம்பும் மோதல், இரண்டு தலைமுறைக்கு நடுவே திருமணம் பற்றிய கருத்து வேறுபாடு. சுருக்கமாக, ஆங்கிலத்தில், தொழில்முறைச் சொற்களில் இவற்றை எழுதினால் படிப்பவருக்கு உடனே பிடிபடும்.

ஊரில் எம்.எஸ்.டபிள்யூ. அல்லது எம்.எஸ்சி. உளவியல் படித்து, குடும்ப நீதிமன்றத்திலோ போதை மறுவாழ்வு மையத்திலோ கவுன்சலராக இருந்தவர்கள் அதைச் சுருக்கிவிடுகிறார்கள், அல்லது இந்த ஊர்ப் பெயரைச் சூட்டிவிடுகிறார்கள். இரண்டுமே வேண்டாம். இந்தியாவில் எம்.எஃப்.டி. என்று தனி லைசென்ஸ் கிடையாது. பதவியின் பெயரை அங்கே இருந்தபடியே எழுதி, கீழே ஒரு வரி விளக்கம் கொடுங்கள்: '1984-ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் கீழ் அமைந்த நீதிமன்றத்தில், மணமுறிவு வழக்குகளில் சமரச ஆலோசனை.' மாதத்துக்கு எத்தனை தம்பதி என்று நினைவிருந்தால் சேருங்கள். இந்த மணி நேரத்தைப் போர்டின் 3,000-த்தோடு கூட்டாதீர்கள், 'முந்தைய அனுபவம்' என்று தனித் தலைப்பில் வையுங்கள். வெளிநாட்டுப் பட்டத்தை மதிப்பீடு செய்திருந்தால், மதிப்பீட்டு நிறுவனங்களின் சங்கமான என்.ஏ.சி.இ.எஸ்.ஸின் உறுப்பு நிறுவனம் செய்த மதிப்பீடு என்பதையும் முடிவையும் குறிப்பிடுங்கள்.

நம் ஊர் பயோடேட்டா பழக்கத்தில் வரும் எதுவும் இங்கே வரக் கூடாது. புகைப்படம், பிறந்த தேதி, மதம், அப்பா பெயர், திருமணமானவரா என்பது, எல்லாமே. கடைசியாகச் சொன்னது இந்தத் தொழிலில் தனிக் கவனம் கேட்கிறது. 'இருபது ஆண்டு மணவாழ்க்கை' என்று தகுதிபோல எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அதுபோலவே நீங்கள் தெரபிக்குப் போன அனுபவம், உங்கள் பெற்றோர் பிரிந்த கதை. அவை உங்களை இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்திருக்கலாம், ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் கையில் ரெஸ்யூமே வழியாகக் கொடுக்க வேண்டியவை அல்ல.

வடிவத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. டிரெய்னியும் புது அசோசியேட்டும் ஒரு பக்கம், லைசென்ஸ் வாங்கியவர் இரண்டு பக்கம். பத்தரை அல்லது 11 அளவு எழுத்து. இரண்டு பத்தி அமைப்பு, கட்டம், நட்சத்திரத்தால் திறனைக் காட்டும் படம் எதுவும் வேண்டாம். பெரிய மருத்துவமனைகளின் விண்ணப்ப மென்பொருள் அவற்றைப் படிக்கும்போது வரிகளைக் கலைத்துவிடும், உங்கள் லைசென்ஸ் எண் பள்ளிப் பெயருக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். பக்கத்தின் மேல் விளிம்புப் பகுதியிலும் எண்ணை வைக்காதீர்கள், சில மென்பொருள்கள் அதைப் படிப்பதே இல்லை. அனுப்பும் முன்னால் கோப்பை முழுதாகத் தேர்ந்தெடுத்து வெறும் எழுத்துக் கோப்பில் ஒட்டிப் பாருங்கள். அங்கே வரிசை சரியாக வந்தால் மென்பொருளிலும் பெரும்பாலும் சரியாக வரும்.

பிறகு போர்டின் தேடல் பக்கத்தைத் திறந்து, ரெஸ்யூமேயில் உள்ள பெயரை அப்படியே போட்டுத் தேடுங்கள். எண்ணும் காலாவதித் தேதியும் ஒத்துப்போகின்றனவா, நிலை 'நடப்பு' என்று வருகிறதா என்று பாருங்கள். புதுப்பிக்க மறந்து 'டெலிங்க்வென்ட்' என்று வந்தால் முதலில் கட்டணத்தைக் கட்டுங்கள், விண்ணப்பம் இரண்டு நாள் கழித்துப் போகலாம். மணிக்கணக்கின் பக்கத்தில் இருக்கும் தேதி போன மாதத்துடையதா என்றும் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அரை வருடப் பழைய எண்ணோடு அனுப்பினால், அதற்குப் பிறகு உழைத்த 500 மணி நேரமும் அந்தத் தாளில் இல்லாமலே போய்விடும்.